வெளிர் நிறத்தின் மேல் மயில் கழுத்துப் பூச்சு

சென்ற தை மாதம் ஆரணியில் ஒரு திருமணத்துக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், என் அக்கா மகள் வேலூர் லாங் பஜார் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் வாங்கிய நகப்பூச்சுக் குப்பியோடு வந்து நின்றாள். குப்பிக்குள் பச்சையாக மின்னிய அந்தப் பூச்சு, அவள் முன்பே பூசியிருந்த வெள்ளை நகப்பூச்சின்மேல் ஏறியதும் வெளிறிய ரோஜா நிறமாகிவிட்டிருந்தது. "சித்தி, பச்சைன்னு பாத்துதான் வாங்கினேன், இது ரோஸா இருக்கே, கடையில ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். யாரும் ஏமாற்றவில்லை. அவள் கையைச் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் நகத்தில் பட்டு நேரே கண்ணுக்கு வரும்படி விரல்களைச் சாய்த்தபோது பச்சை பளிச்சென்று எழுந்தது. கையை நிமிர்த்தியதும் மறுபடி ரோஜா வந்தது. குறை பூச்சில் இல்லை. அடியில் என்ன நிறம் இருக்க வேண்டும் என்பதை யோசிக்காமல் கையில் கிடைத்த வெள்ளையைப் பூசியதில்தான் இருந்தது.

சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும் இந்த வகைப் பூச்சில் பச்சைச் சாயம் என்று எதுவும் இராது. அப்ரகம் (மைக்கா) அல்லது அதுபோன்ற செயற்கைத் தகட்டுத் துகள்களின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மிக மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கும். அந்தப் போர்வையின் தடிமன் சுமார் 40 முதல் 160 நானோமீட்டர் வரை; தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போர்வையின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பு வரை சென்று திரும்பும் ஒளியும் ஒன்று சேரும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிந்துபோகின்றன. மழை பெய்த தார்ச்சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில்லாக விரிவதும் இதே காரணத்தால்தான். போர்வையின் தடிமன் கூடக் கூடத் திரும்பிவரும் நிறமும் வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறிக்கொண்டே போகும்.

நமக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. திரும்பிவராத மிச்ச ஒளி துகளை ஊடுருவி அடியில் உள்ள பூச்சைச் சென்றடைகிறது. அடியில் கறுப்பு இருந்தால் அந்த ஒளி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். மேலிருந்து திரும்பிய பச்சை மட்டும் தனித்து நின்று தகதகக்கும். அடியில் வெளிர் நிறம் இருந்தாலோ, ஊடுருவிச் சென்ற ஒளியும் மோதித் திரும்பி வெளியே வருகிறது. பச்சை கழிந்த வெள்ளொளியின் மிச்சம் ரோஜாச் சாயலுடையது என்பதால், ஒரு கோணத்தில் பச்சையும் மற்றக் கோணங்களில் ரோஜாவும் தெரிகின்றன. ஆகவே கறுப்பின்மேல் பூசினால் ஒரு நிறத்தின் வீச்சு கிடைக்கிறது. வெளிர் நிறத்தின்மேல் பூசினால் எதிரெதிரான இரண்டு நிறங்களின் மென்மையான ஆட்டம் கிடைக்கிறது. ஆரணிப் பட்டில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக ஓட்டி, புடவை மடியும் இடமெல்லாம் மயில் கழுத்தாக மாறும்படி நெய்வார்களே, அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெளிர் அடியின்மேல் வரும் இந்தத் தோற்றம்தான் இணக்கமாக இருக்கிறது என்பது என் எண்ணம். புடவையில் இரண்டு சாயங்கள் உண்டு, நகத்தில் ஒன்றுமில்லை என்பதே வேறுபாடு.

எனவே அடி நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. இதற்குக் கடைக்காரரின் சொல்லையோ குப்பியின் மூடியில் உள்ள நிறத்தையோ நம்ப வேண்டியதில்லை. அட்டைப் பெட்டி ஒட்டும் அகலமான கண்ணாடி டேப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, அதன் ஒட்டாத பக்கத்தில் நிறம் மாறும் பூச்சை இரண்டு முறை பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு அந்த டேப்பை வெள்ளைத் தாள், இளஞ்சிவப்புத் தாள், சந்தன நிற ரவிக்கைத் துணி, சாம்பல் நிற அட்டை என்று ஒவ்வொன்றின்மேலும் வைத்து, வாசலில் நின்று சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு குப்பி எத்தனை வேடம் போடும் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஒருமுறை டேப் கிடைக்காமல் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தம்ளர் ஒன்றில் பூசிப் பார்த்தேன். பூச்சில் உள்ள கரைப்பான் அந்தப் பிளாஸ்டிக்கையே இளக்கி வெண்மையாக்கிவிட்டது. டேப்போ கண்ணாடியோதான் இதற்கு ஏற்றவை.

பார்த்த அளவில் எனக்குப் பிடிபட்ட கணக்குகள் சிலவற்றைச் சொல்கிறேன். பச்சையாக மின்னும் பூச்சுக்கு அடியில் வெளிர் ரோஜாவோ நகத்தின் இயல்பான நிறமோ இருந்தால், அதன் ரோஜாப் பக்கம் கனிந்து வரும். வெளிர்ப் பச்சை இருந்தால் ரோஜா அடங்கிப் பச்சை மேலோங்கும். நீலமாக மின்னும் பூச்சு ஊடுருவவிடும் மிச்சம் மஞ்சள் என்பதால், சந்தன நிறத்தின்மேல் அதைப் பூசினால் நிழலில் நகம் பழுத்த இலைபோல் மஞ்சளித்துத் தெரியும். அதற்கு இளம் கத்தரிப்பூ நிறமோ சாம்பல் கலந்த வெண்மையோ பொருந்தும். சிவப்பாக மின்னும் பூச்சின் மிச்சம் பசுமை சார்ந்தது. வெள்ளையின்மேல் அது நோயாளியின் நகம்போல் இருக்கும், ஆனால் வெளிர் ரோஜாவின்மேல் நிமிர்ந்துவிடும். பொன்னாக மின்னுவது எதன்மேலும் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை. கணக்கு எதுவும் நினைவில் நிற்காவிட்டால் சற்றே சாம்பல் தட்டிய வெளிர் நிறத்தை எடுங்கள். அது ஊடுருவிவந்த ஒளியில் கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால் மேல்பூச்சின் மின்னல் தூக்கலாகத் தெரியும்.

நம் மாநிறக் கைகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளையை நான் பரிந்துரைப்பதில்லை. நிறம் மாறும் ஆட்டத்தைக் கண் கவனிப்பதற்குள் வெள்ளை முந்திக்கொண்டு நிற்கும். பால் நிறையவிட்ட டீயின் நிறம், பாலாடை நிறம், மங்கலான ரோஜா ஆகிய மூன்றில் ஒன்று ஏறக்குறைய எல்லாக் கைகளிலும் ஒத்துப்போகிறது. அந்த அடிப்பூச்சில் மினுக்கம் எதுவும் இருக்கக் கூடாது. முழு மறைப்புள்ள, பளபளப்பான சாதாரணப் பூச்சாக இருக்க வேண்டும். கடையின் டியூப் லைட்டில் எல்லாமே ஒன்றுபோல் தெரியும் என்பதால் குப்பியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி பூசும் முறைக்கு வருவோம். பழைய பூச்சை ரிமூவரால் முழுவதும் நீக்கி, நகத்தை வெட்டி, அரத்தால் ஒரே திசையில் தேய்த்து விளிம்பைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பூச உட்காருவது நம் வீடுகளில் வழக்கமான பிழை. நகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு மூன்றாம் நாளே ஏடாகப் பெயர்ந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகும், ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது.

முதலில் போட வேண்டியது நிறமற்ற பேஸ் கோட். இதையும் வெளிர் நிற அடிப்பூச்சையும் ஒன்றெனக் கருதுவோர் பலர் இருக்கிறார்கள், இரண்டும் வேறு. பேஸ் கோட் நகத்தைப் பற்றிக்கொள்வதற்கும் நகத்தில் கறை ஏறாமல் தடுப்பதற்கும் உரியது. மருதாணி இட்ட நகம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோலில் ஏறிய மருதாணி இரண்டு வாரத்தில் போய்விடும், நகத்தில் ஏறியது வளர்ந்து வெட்டப்படும்வரை போகாது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே ரமலானுக்கோ ஆடி மாதத்திலோ வைத்த மருதாணியின் செம்மை வெளிர் பூச்சின் வழியே பல மாதங்களுக்கு எட்டிப் பார்க்கும். அத்தகைய நகத்துக்கு வெளிர் அடிப்பூச்சு மூன்று முறை தேவைப்படலாம், அல்லது அந்தச் செம்மையோடு ஒத்துப்போகும் பாலாடை நிறத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

வெளிர் அடிப்பூச்சைப் பூசுவதில் அவசரமே எதிரி. வெளிர் நிறங்களில் திட்டும் கோடும் அடர் நிறங்களைவிட எளிதில் தெரிந்துவிடும்; அவற்றின்மேல் ஏறும் மின்னும் பூச்சு அந்தக் குறைகளை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். பிரஷின் ஒரு பக்கத்தைக் குப்பியின் வாயில் வழித்துவிட்டு மறுபக்கத்தில் ஒரு துளி மட்டும் தங்கும்படி எடுங்கள். அந்தத் துளியை நகத்தின் நடுவில், அடிச்சதைக்குச் சற்று முன்பாக வைத்து, பின்னோக்கி ஒரு மயிரிழை தள்ளி, பிறகு நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். அடுத்து இடப்பக்கம் ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு. அவ்வளவோடு கையை எடுத்துவிட வேண்டும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று பாதி காய்ந்த பரப்பில் பிரஷை மீண்டும் ஓட்டினால் உரிந்து மேடு தட்டும். 5 நிமிடம் பொறுத்து இரண்டாவது பூச்சைப் போட்டால் பெரும்பாலும் சமமாகிவிடும். நகத்தின் வெட்டிய விளிம்பையும் பிரஷ் நுனியால் ஒருமுறை தொட்டுவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் கைகளில் பூச்சு முதலில் பெயர்வது அந்த விளிம்பில்தான்.

அடுத்து வரும் காத்திருப்பைத்தான் பலரும் சுருக்கிவிடுகிறார்கள். நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸும் பிசினும் எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கும் கலவை. கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவதே நகத்தில் நிற்கும் படலம். மேலே நீங்கள் பூசப்போகும் பூச்சிலும் அதே கரைப்பான்கள் இருக்கின்றன. அடிப்பூச்சு உள்ளே ஈரமாக இருந்தால் மேல்பூச்சு அதை மறுபடி இளக்கி, பிரஷோடு இழுத்துக்கொண்டு போய், வெளிர் நிறத்தை மேலே கலக்கிவிடும். கலங்கிய பூச்சில் மின்னும் தகடுகள் புதைந்துபோவதால் நிறம் மாறும் வித்தை நின்றுவிடும். குறைந்தது 15 நிமிடம், பொறுமை இருந்தால் அரை மணி நேரம் விடுங்கள். இரண்டு நகங்களை மெல்ல ஒன்றோடொன்று தொட்டுப் பிரித்தால் ஒட்டல் துளியும் இல்லாமல் வழுக்க வேண்டும்.

வேலூர் வெயிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பூச்சைச் சீக்கிரம் காயவைக்க மின்விசிறியின் கீழ் கையை நீட்டத் தோன்றும். அப்படிச் செய்தால் மேல்தோல் மட்டும் சட்டெனக் காய்ந்து இறுகிவிடும். உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழி தேடிக் குமிழ் குமிழாக எழும்பும். வெளிர் நிறத்தில் அந்தக் குமிழ்கள் ஊசி குத்திய தடம்போல் தெரியும். விசிறியை நிறுத்தி, காலை ஏழு மணிக்குள்ளோ பொழுது சாய்ந்த பிறகோ பூசுவதே சரி. ஐப்பசி அடைமழை நாட்களில் தொல்லை வேறு விதமாக வரும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் ஊற்றியதுபோல் மங்கிவிடக்கூடும். அன்றைக்கும் விசிறி வேண்டாம்; பூச்சை இன்னும் மெல்லிதாகப் போட வேண்டும்.

இப்போது நிறம் மாறும் பூச்சு. தகட்டுத் துகள்கள் கனமானவை ஆதலால் குப்பியின் அடியில் தங்கியிருக்கும். மருந்துக் குப்பிபோல் குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் சேரும். குப்பியை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து ஒரு நிமிடம் உருட்டுங்கள், கவிழ்த்தும் உருட்டுங்கள். அடியில் ஒட்டியிருந்த மின்னல் கீற்றாக எழுந்து முழுக் குப்பியும் ஒரே சீராகத் தெரியும்போது திறக்கலாம்.

இந்தத் தகடுகள் நகப் பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால்தான் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும். பிரஷை அழுத்தினால் அதன் மயிர்கள் உழுத சால்போலக் கோடுகள் விழுந்து, தகடுகள் ஆளுக்கொரு பக்கம் சாயும். எனவே முதல் பூச்சை மிக மெல்லிதாகப் போட்டு, அது கண்ணுக்கே தெரியாவிட்டாலும் கலங்காமல் 5 நிமிடம் காயவிடுங்கள். இரண்டாவது பூச்சுக்குச் சற்றுத் தாராளமாகத் துளி எடுத்து, பிரஷ் நகத்தைத் தொடாமல் துளியின்மேல் மிதந்து செல்வதுபோல் இழுக்க வேண்டும். இதைச் சொல்லால் விளக்குவது கடினம். தோசைக் கல்லில் மாவைக் கரண்டியின் அடியால் அழுத்தாமல் பரப்பும் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே வந்துவிடும். இழுப்புகள் அனைத்தும் அடியிலிருந்து நுனிக்கு, ஒரே திசையில், நேராகச் செல்லட்டும்.

இரண்டா, மூன்றா என்பது உங்கள் விருப்பம். இரண்டில் அடியின் வெளிர் நிறம் உயிரோடு இருக்கும், மேலே பனி படர்ந்ததுபோல் மின்னல் வரும். மூன்றில் மின்னல் திரண்டு அடி நிறம் பின்வாங்கும். நான்காவது பூச்சைப் போட்டு நன்றாக வந்ததை நான் பார்த்ததில்லை. தடித்த படலம் நாள் முழுக்கக் காயாது, ஓரங்களில் சுருங்கும். ஒருமுறை அப்படிப் பூசிவிட்டு இரவு படுத்து எழுந்தபோது கோரைப்பாயின் வரிகள் பத்து நகங்களிலும் அச்சு எடுத்தாற்போல் பதிந்திருந்தன. திருமணத்துக்குப் போகிறவர்கள் முந்தைய நாள் மாலைக்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

தோலில் வழிந்ததைத் துடைக்கத் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றினால் நார் ஒட்டும். பழைய ஓவியப் பிரஷ் ஒன்றை ரிமூவரில் நனைத்து, துணியில் ஒற்றி, நகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால் விளிம்பு சுத்தமாகும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே போடும் நிறமற்ற டாப் கோட். பளபளப்பான டாப் கோட்டைத்தான் போட வேண்டும். பளபளப்பற்ற மேட் வகை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும் என்பதால், இத்தனை பாடுபட்டுப் பெற்ற கோண மாற்றம் மங்கி, நகத்தில் வெறும் சந்தனத் தூள் அப்பியதுபோல் ஆகிவிடும். டாப் கோட்டிலும் துளி தாராளமாக இருக்கட்டும், வெட்டிய விளிம்பையும் அது மூடட்டும். பூசும்போதும் காயும்போதும் பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் அருகில் இருக்கக் கூடாது. கரைப்பான்களின் ஆவி எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெளிர் பூச்சுக்கு நம் சமையலில் ஒரு பகைவன் உண்டு, அது மஞ்சள். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தால் வலக்கை நகங்கள் மட்டும் மஞ்சளித்து, இரண்டு கைகளும் இரண்டு பேருடையவைபோல் இருக்கும். புதிதாகப் பூசிய அன்று கரண்டியால் சாப்பிடுங்கள். மற்ற நாட்களில் சாப்பிட்டவுடன் சோப்பால் கழுவுங்கள். அப்படியும் கறை ஏறினால் பதற வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் சிதைந்துபோகக் கூடியது, துணி உலர்த்தும் நேரம் மாடியில் நின்றாலே ஓரளவு வெளுத்துவிடும். நான்காம் நாள் ஒரு பூச்சு டாப் கோட் புதிதாகப் போட்டால் பரப்பு மீண்டும் தெளியும்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்யும்போது நகத்தில் நீர் பட வேண்டும் என்பதால் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் உள்ள என் தோழிகள் தொழுகை இல்லாத நாட்களுக்கென்றே இதை ஒதுக்கிவைக்கிறார்கள். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள் வீட்டிலேயே பூச்சை நீக்கிவிட்டுப் போகலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தி அளவெடுப்பதால் பூச்சு அதற்கு இடையூறாகலாம்.

நீக்கும்போது இந்தப் பூச்சின் மினுக்கத் துகள்கள் விரலெங்கும் அப்பிக்கொள்ளும். பஞ்சை ரிமூவரில் நன்றாக நனைத்து நகத்தின்மேல் வைத்து 15 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு நுனிப் பக்கமாக ஒரே இழுப்பில் எடுத்தால் பெரும்பகுதி பஞ்சோடு வந்துவிடும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. எஞ்சிய மினுக்கத்தைச் சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, நகத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். குப்பியின் கழுத்தை ரிமூவர் தொட்ட துணியால் துடைத்து இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். கோடையில் பூச்சு கெட்டியானால் அதற்குள் ரிமூவரை ஊற்றாதீர்கள், அது கலவையைக் குலைத்துத் தகடுகளைத் திரளச் செய்துவிடும். நகப்பூச்சுக்கென்றே விற்கும் தின்னரில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மறுபடியும் உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டினால் போதும்.